வீட்டில் இணையம் உண்டு... யாருக்கு?

*செல்போன் கோபுரம் எங்கே எழும்பும், ஊரடங்கில் பள்ளிக்கூடம் யாரை எட்டும், அரசுப் பணம் எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் ஏழை நாடுகளில் ஒரு எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணே ஆட்டம் காண்கிறது.*

2012 வாக்கில் இந்தோனேசியாவில் நடந்த சங்கதி இது. கொழும்பிலிருந்து இயங்கும் லர்ன்ஏசியா என்ற ஆய்வு அமைப்பின் ஹெலானி கல்பாயா அங்கே ஒரு சர்வேயில் இருந்தார். “இணையம் பயன்படுத்துவதுண்டா?” என்று கேட்டால், இல்லை என்றே பலரும் பதில் சொன்னார்கள். குறித்துக்கொண்டு நகர்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், மக்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தபோது, ஃபேஸ்புக்கில் எவ்வளவு நேரம் கழிக்கிறோம் என்று உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார்கள். கல்பாயா குழம்பிப்போய் தன் அமைப்பின் அப்போதைய தலைவர் ரோஹன் சமரஜீவவைத் தொலைபேசியில் அழைத்தார். ஆப்பிரிக்காவில் ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்கா அமைப்பின் சர்வேயைப் பரிசீலித்த கிறிஸ்டோஃப் ஸ்டார்க்குக்கும் இதே திகைப்பு. இணையம் பயன்படுத்துவோரைவிட ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் எண்ணிக்கை அதிகமாக வந்து நின்றது. 2015-ல் குவார்ட்ஸ் இதழ் சர்வே எடுத்துப் பார்த்தது. ஃபேஸ்புக் பயன்படுத்துவதாகச் சொன்னவர்களில் இந்தோனேசியாவில் 11 சதவிகிதம் பேரும், நைஜீரியாவில் 9 சதவிகிதம் பேரும், தாங்கள் இணையமே பயன்படுத்துவதில்லை என்றார்கள்.

இது குறைத்து எண்ணிய கதை. ஏழை நாடுகளில் இதைவிட அதிகம் நடப்பது கூட்டி எண்ணும் கதை. இரண்டும் சேர்ந்த எண்கள்தான் ஐ.நா. அறிக்கைகளிலும் அமைச்சர்களின் உரைகளிலும் இடம்பிடிக்கின்றன. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐ.டி.யு.) 2025 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 600 கோடிப் பேர் இணையத்தில் இருக்கிறார்கள், 220 கோடிப் பேர் வெளியே நிற்கிறார்கள். செல்வந்த நாடுகளில் 94 சதவிகிதம், குறைந்த வருமான நாடுகளில் 23 சதவிகிதம். இதே அமைப்பு ஓராண்டுக்கு முன்பு, 2024-ல் வெளியே நிற்பவர்கள் 260 கோடி என்றது. புதிய அறிக்கையில் அதே 2024-க்கான எண் 230 கோடியாகத் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டைப் போல நான்கு மாநிலங்களின் மக்கள்தொகை, ஒரு திருத்தத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, குறைந்த வருமான நாடுகளுக்கு 2024 அறிக்கை சொன்ன எண் 27 சதவிகிதம். அது 23 ஆனதால், அங்கே யாரும் போனைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று பொருளில்லை. மாறியது மதிப்பீடு.

ஐ.டி.யு.வைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பு யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. நாடுகளின் புள்ளியியல் துறைகள் தருவதை வாங்கித் தொகுக்கிறது. எதுவும் வராத நாடுகளுக்குக் கணித மாதிரிகளை வைத்து மதிப்பிடுகிறது. எந்த நாட்டில் வறுமை அதிகமோ, அங்கேதான் சர்வேயும் அரிது. ஆக, யாரைப் பற்றி நாம் மிகத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அவர்களைப் பற்றிய எண்தான் மிகப் பலவீனமானது. மலிவாகக் கிடைக்கும் எண் உண்மையை மறைக்கிறது, உண்மையைச் சொல்லும் எண்ணுக்குச் செலவு பிடிக்கிறது, அரசுகள் மலிவான எண்ணையே நம்பித் திட்டம் போடுகின்றன. சிக்கலின் மொத்த உருவமும் இதுதான்.

மூன்று கணக்கு, மூன்று விடை

இணையத்தை அளக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சிக்னல் கணக்கு. கோபுரங்களின் வரைபடத்தை மக்கள்தொகை வரைபடத்தின் மேல் வைத்தால், எத்தனை சதவிகிதம் பேர் சிக்னலுக்குள் இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். இரண்டாவது, சந்தா கணக்கு. செல்போன் நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தரும் சிம் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். மூன்றாவதுதான் வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கு. முதல் இரண்டுக்கும் மனிதர்களைச் சந்திக்க வேண்டியதே இல்லை. அதனாலேயே அவை வேகமாக வருகின்றன; அதனாலேயே பிசகுகின்றன. ஒரு நிறுவனத்தின் சிக்னல் சந்தையில் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது. இன்னொரு நிறுவனத்தில் தங்களுக்குள் பேசக் கட்டணம் குறைவு. மூன்றாவதில் டேட்டா பேக் மலிவு. எனவே, இரண்டு சிம் போடும் போனும், சட்டைப் பையில் மூன்றாவது சிம்மும் ஆப்பிரிக்கச் சந்தைகளில் சர்வசாதாரணம். ஆணையத்தின் கணக்கில் இப்படி மூன்று சிம் வைத்திருப்பவர் மூன்று பேர். பக்கத்தில் போனே இல்லாமல் நிற்கும் இரண்டு பேரின் இடத்தை அவரே நிரப்பிவிடுகிறார்.

இந்த மூன்று கணக்கும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு ருவாண்டாவைவிட நல்ல உதாரணம் இல்லை. தென்கொரியாவின் கேடி நிறுவனத்துடன் கைகோத்து நாடு முழுக்க 4ஜி வலைப்பின்னல் அமைக்க ருவாண்டா 2013-ல் ஒப்பந்தம் போட்டது. 2018-க்குள் மக்கள்தொகையில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் 4ஜி சிக்னலுக்குள் வந்துவிட்டார்கள். பணக்கார நாடுகள் சிலவும் பொறாமைப்படும் எண் அது. ஏறத்தாழ அதே காலத்தில், ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்கா பத்து ஆப்பிரிக்க நாடுகளில் ‘ஆஃப்டர் ஆக்சஸ்’ என்ற பெயரில் வீடு வீடாக சர்வே எடுத்தது. ருவாண்டாவில் 15 வயதைக் கடந்தவர்களில் இணையம் பயன்படுத்தியவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. சிம் கார்டு கணக்கோ அதைவிடப் பல மடங்கு உயரத்தில் நின்றது. மூன்றுமே பொய் இல்லை. ஒன்று கோபுரத்தை எண்ணியது, ஒன்று சிம்மை எண்ணியது, ஒன்று மட்டுமே மனிதரை எண்ணியது.

குடும்பத் தலைவர் சொன்ன பதில்

அப்படியானால் வீடு வீடாகப் போய்விட்டால் பிரச்னை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் போலவே, உள்ளே இருப்பவர்களில் யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஐ.டி.யு.வின் கையேட்டில், ஒரு வீட்டுக்கு இணைய வசதி இருக்கிறது என்று எழுத வேண்டுமானால், அது அந்த வீட்டின் உறுப்பினர்கள் எவரும் எந்த நேரத்திலும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். சுவரில் கம்பி வந்து முடியும் ஐரோப்பிய வீட்டுக்கு இந்த வரையறை கச்சிதமாகப் பொருந்தும். மலாவியிலோ மொசாம்பிக்கிலோ, வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் மூத்த மகனின் பையில் போய்விடுகிறது; இரவில் அது திரும்பும்போது சார்ஜ் இருந்தால் உண்டு, பேலன்ஸ் இருந்தால் உண்டு. சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லை. போனுக்குக் காசு கொடுத்துக் கடையில் சார்ஜ் ஏற்றுகிறார்கள். இந்த வீட்டுக்கு இணையம் உண்டு என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? கையேட்டைக் கறாராகப் பிடித்தால் இல்லை. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது குடும்பத் தலைவர் சொல்லும் பதில், உண்டு.

குடும்பத் தலைவர் ஒருவரிடமே எல்லோருக்குமாகக் கேட்டுக்கொள்வது பல சர்வேக்களின் பழக்கம். நேரம் மிச்சம், ஒரே நாளில் பத்து வீடுகள் முடிந்துவிடும். ஆனால், மனைவி கடந்த மூன்று மாதங்களில் இணையத்தைத் தொட்டாளா என்று கணவர் சொல்லும் பதிலுக்கும், அவளே சொல்லும் பதிலுக்கும் இடையில்தான் ஆண், பெண் இடைவெளி ஒளிந்துகொள்கிறது. இதற்கு மருந்து பழையது. லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-ல் ஓர் அட்டவணையை வகுத்தார். வீட்டில் இருக்கும் வயது வந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக எழுத வேண்டும். அந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட அட்டவணை எந்த வரிசை எண்ணைக் காட்டுகிறதோ, அவரிடம்தான் பேச வேண்டும். அது அடுப்படியில் இருக்கும் மருமகளாக இருக்கலாம், திண்ணையில் இருக்கும் பாட்டியாகவும் இருக்கலாம். அவர் வயலுக்குப் போயிருந்தால் மாலையில் திரும்பி வர வேண்டும். வாசலில் நிற்கும் ஆண்பிள்ளை எவ்வளவு ஆர்வமாக முன்வந்தாலும் அவரிடம் கேட்டு முடித்துவிடக் கூடாது. இன்று டேப்லெட்டே அந்தத் தேர்வைச் செய்கிறது, வேலை அதேதான். ஆஃப்டர் ஆக்சஸ் இப்படித்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பத்து நாடுகளில் ஆண், பெண் இணைய இடைவெளி ருவாண்டாவில்தான் மிகப் பெரிதாக இருந்தது. நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கில் உலகின் முதலிடத்தில் இருக்கும் நாடு அது. குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்த முரண் வெளியே வந்திருக்க வாய்ப்பு குறைவு.

[பெட்டிச் செய்தி] எண்கள் சொல்வதென்ன?

• உலக மக்கள்தொகையில் மொபைல் இணைய சிக்னலே எட்டாதவர்கள் 4 சதவிகிதம், சுமார் 35 கோடிப் பேர். சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் 39 சதவிகிதம், சுமார் 310 கோடிப் பேர் (செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ., 2024 அறிக்கை).

• 3 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர், 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள் (யுனிசெஃப் - ஐ.டி.யு., 2020).

• நகரங்களில் 83 சதவிகிதம் பேரும், கிராமங்களில் 48 சதவிகிதம் பேரும் இணையம் பயன்படுத்துகிறார்கள் (ஐ.டி.யு.வின் 2024 அறிக்கை).

• காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த ஆண்டு 1984.

தப்புக் கணக்கின் விலை

தவறான எண்ணுக்கு முதல் பலி, பணம் போகும் திசை. சிக்னல் இல்லை என்பதே பிரச்னை என்று கணக்கு சொன்னால், தீர்வு கோபுரம். சிக்னல் இருக்கிறது, போன் வாங்க முடியவில்லை என்றால், தீர்வு வேறு. போன் இருக்கிறது, டேட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அது இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாததாலோ, தன் மொழியில் எதுவும் கிடைக்காததாலோ ஒதுங்கி நிற்பவருக்கு இவை எதுவுமே தீர்வில்லை. சிக்னல் எட்டாதவர்களைப் போல ஒன்பது மடங்கு பேர் சிக்னலுக்குள் இருந்தபடியே வெளியே நிற்கிறார்கள். ஆனாலும் கோபுரம் கட்டுவதுதான் அரசுகளுக்குப் பிடித்த வேலை. அதைத் திறந்துவைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், சதவிகிதத்தை உடனே உயர்த்திக் காட்டலாம். ருவாண்டா பின்னாளில் பாதையை மாற்றியது. 2019 டிசம்பரில் ‘கனெக்ட் ருவாண்டா’ என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களுக்கு ஸ்மார்ட்போன் வழங்கும் இயக்கம் தொடங்கியது. 2023-ல் மானிய விலை 4ஜி போன்கள் வந்தன. அதுவரை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த 4ஜி மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. வீடு வீடாகக் கேட்ட சர்வே சுட்டிய திசையும் அதுதான்.

இரண்டாவது பலி, பள்ளிக்கூடம். கொரோனாவில் உகாண்டா 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தது. உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல் அது. பாடத்தை வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. குறைந்த வருமான நாடுகளில் வீட்டில் இணையம் உள்ள பள்ளிக் குழந்தைகள் இருபதில் ஒருவருக்கும் குறைவு என்று யுனிசெஃப்பும் ஐ.டி.யு.வும் சொன்னது 2020-ன் இறுதியில். 85 நாடுகளின் வீட்டுச் சர்வேக்களைத் தோண்டி எடுத்த எண் அது. சந்தா கணக்கில் அந்தக் குழந்தைகளின் வீடுகளில் பலவும் இணைக்கப்பட்ட வீடுகளே. போன் அப்பாவிடம், பாடம் போனில், பிள்ளை வீட்டில். குழந்தையைக் கேட்காத கணக்கு குழந்தைக்கான திட்டத்துக்கு உதவாது.

மூன்றாவது, வரி. அதே உகாண்டா 2018 ஜூலையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. மூன்றே மாதங்களில் இணையச் சந்தாக்கள் 25 லட்சம் குறைந்ததாக அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் புள்ளிவிவரமே காட்டியது. போனவர்கள் யார்? இரண்டாவது சிம்மைத் தூக்கிப்போட்ட நகரத்து இளைஞரா, சந்தை விலை கேட்க வாட்ஸ்அப்பை நம்பியிருந்த காய்கறி வியாபாரியா? வி.பி.என். போட்டு வரியிலிருந்து தப்பியவர்கள் எத்தனை பேர்? சிம் கணக்கு இந்தக் கேள்விகளுக்கு வாய் திறக்காது. 2021-ல் அந்த வரி போய், டேட்டாவின் மேல் 12 சதவிகித வரி வந்தது. சிம் குறைந்ததைப் பார்த்த ஆட்சியாளர்களால், சுமை யார் தலையில் விழுந்தது என்பதை அந்த எண்ணிலிருந்து பார்த்திருக்க முடியாது.

மெள்ள மெள்ளக் கூடிவரும் நான்காவது பலி, அரசுச் சேவைகள். விண்ணப்பம், மானியம், சான்றிதழ் எல்லாம் இணையத்துக்கு மாறுகின்றன. நாட்டில் இத்தனை சதவிகிதம் வீடுகளில் இணையம் வந்துவிட்டது என்ற எண், ஜன்னல் கவுன்ட்டரை மூடுவதற்கான நியாயமாகிவிடுகிறது. அந்த எண்ணில் கணவரின் போனை வைத்தே கணக்கிடப்பட்ட பெண், மானியத்துக்கு விண்ணப்பிக்க அவர் வரும்வரை காத்திருக்கிறாள். அவளுக்கு வசதி இருக்கிறது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால், அவளுடைய குறை எந்த அறிக்கையிலும் வராது.

[பெட்டிச் செய்தி] நம் கணக்கு எப்படி?

இந்தியா குறைந்த வருமான நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆனாலும் கேள்வி மாறினால் விடை மாறும் என்பதற்கு இங்கேயும் சாட்சி உண்டு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி உள்ள வீடுகள் 23.8 சதவிகிதம். அதே காலத்தில், 2018 மார்ச் இறுதியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ கணக்கில் நூற்றுக்கு 38 இணையச் சந்தாக்கள். 2025-ல், அந்த மாதிரி ஆய்வை நடத்திய தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொலைத்தொடர்பு ஆய்வு, இணையமுள்ள வீடுகள் 86.3 சதவிகிதம் என்றது. வீட்டுக்குள் நுழைந்து ஆளைக் கேட்டது தேசியக் குடும்பநல ஆய்வு. 2019-21-ல், எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறேன் என்றவர்கள் பெண்களில் 33.3 சதவிகிதம், ஆண்களில் 57.1 சதவிகிதம். தமிழ்நாட்டில் பெண்கள் 46.9, ஆண்கள் 70.2.

எண்ணுவதா, இணைப்பதா?

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. முதல் மறுப்பு நெஞ்சைத் தொடுவது. மருந்துக்கே பணமில்லாத நாடு, சர்வேக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? அந்தப் பணத்தில் நான்கு கிராமங்களுக்கு இணைப்பு கொடுக்கலாமே? இணைப்புக்கான செலவு சரியான இடத்துக்குப் போகும் என்றால் இந்த வாதம் நிற்கும். யாரும் பயன்படுத்தாத இணைப்பில் கொட்டிய பணத்தை யாரும் சர்வேச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தவிர, புதிதாக ஒரு பெரிய சர்வே தேவையென்று யாரும் சொல்லவில்லை. உலக வங்கியின் வாழ்க்கைத்தர ஆய்வு, யுனிசெஃப்பின் பன்முகக் குறியீட்டு ஆய்வு போன்றவை ஏற்கெனவே கிராமம் கிராமமாகப் போகின்றன. அவற்றில் ஏழெட்டுக் கேள்விகளைச் சேர்ப்பதும், அந்தக் கேள்விகளை வீட்டில் ஒரு தனிநபரிடம் நேராகக் கேட்பதும் போதும்.

இரண்டாவது மறுப்பு, தொழில்நுட்பம் தெரிந்தவர்களுடையது. செல்போன் நிறுவனங்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் தரவு இருக்கிறது. அதை விட்டுவிட்டு 1949-ன் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்? அந்தத் தரவு அருமையானதுதான், எந்தக் கோபுரத்தில் நெரிசல், எந்த மாவட்டத்தில் வேகம் குறைவு என்று அதைப்போல எதுவும் சொல்லாது. ஆனால், சிம்முக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா, ஒருவரா நால்வரா என்று அதற்குத் தெரியாது. முக்கியமாக, இணைப்பே இல்லாதவர் அதில் தடமே பதிப்பதில்லை. கொரோனா காலத்தில் உலக வங்கி எத்தியோப்பியா, மலாவி, உகாண்டா போன்ற நாடுகளில் தொலைபேசி வழியே சர்வே எடுத்தபோதும், முன்பு நேரில் போய் எடுத்த சர்வேயின் பட்டியலிலிருந்தே வீடுகளைத் தேர்ந்தெடுத்தது. யாரிடம் போன் இல்லை, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று ஓரளவாவது கணிக்க முடிந்ததற்கு அந்தப் பழைய பட்டியல்தான் காரணம்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. ஏழை வீடுகளில் போன் பொதுச் சொத்து, மகன் அம்மாவுக்குப் பேசித் தருவான், பேத்தி பாட்டிக்குக் காட்டுவாள். தனிநபர் கணக்கு இந்தப் பகிர்வைக் காணாமல் போக்கிவிடாதா? நியாயமான கவலை. ஆகவே வீட்டுக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதோடு நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். இதே தடுமாற்றத்தை மின்சாரத்தில் பார்த்தாகிவிட்டது. இந்தியாவில் பத்து சதவிகித வீடுகளுக்கும் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் மின்சாரம் போனாலே கிராமம் மின்மயமானதாக எழுதிக்கொண்டோம். 2018 ஏப்ரலில் எல்லாக் கிராமங்களும் மின்மயம் என்று அறிவித்தபோதும், கோடிக்கணக்கான வீடுகள் இருட்டில்தான் இருந்தன. உலக வங்கி 2015-ல் அந்த உண்டு-இல்லை கணக்கைக் கைவிட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு திறன், எத்தனை முறை தடை என்று படிப்படியாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. இணையத்துக்கும் அப்படி ஓர் அளவுகோல் வந்துவிட்டது. மலிவு இணையக் கூட்டணி என்ற அமைப்பு 2020-ல் நான்கு நிபந்தனைகளை வைத்தது: தினமும் பயன்பாடு, கையில் ஸ்மார்ட்போன், 4ஜி வேகம், வீட்டிலோ வேலையிடத்திலோ படிக்குமிடத்திலோ தீராத டேட்டா. இந்தியா, ருவாண்டா, மொசாம்பிக் உட்பட ஒன்பது நாடுகளில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, நான்கும் வாய்த்தவர்கள் பத்தில் ஒருவர்தான்.

ஓய்ந்துவரும் கணக்கெடுப்பு

இத்தனையும் தெரிந்த பிறகு, 2025-ல் நடந்தது பின்னோக்கிய பயணம். அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிதியில் 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் மேற்பட்ட மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளை நடத்திய டி.ஹெச்.எஸ். திட்டம், அந்த நிதி வெட்டப்பட்டதும் முடங்கியது. நம் தேசியக் குடும்பநல ஆய்வும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். தாய் சேய் நலத்துக்காகத் தொடங்கிய அந்த ஆய்வு, பிற்காலத்தில் பெண்களிடமும் ஆண்களிடமும் தனித்தனியாக இணையம் பற்றிக் கேட்டது. பல ஏழை நாடுகளில், பெண்ணை நேரில் உட்காரவைத்து இந்தக் கேள்வியைக் கேட்ட சர்வேக்கள் வெகு சொற்பம். அதுவும் நின்றால், மிஞ்சுவது செல்போன் நிறுவனங்கள் தரும் சிம் கணக்கும், அரசுகள் தரும் சிக்னல் வரைபடமும்தான். தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது.

வெளிநாட்டு நிதி வந்தால் எண்ணுவோம், வராவிட்டால் ஊகிப்போம் என்ற நிலை மாற வழி இருக்கிறது. உகாண்டா, ருவாண்டா, மலாவி போன்ற நாடுகளில் செல்போன் நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கு, சேவை எட்டாத மக்களுக்காக ஒதுக்கிய பொதுநிதிக்குப் போகிறது. அது இன்று பெரும்பாலும் கோபுரத்துக்கும் கேபிளுக்கும் கணினி மையங்களுக்கும் செலவாகிறது. அதில் ஒரு சிறு பகுதியைச் சட்டப்படி ஒதுக்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டு சர்வேக்களில் இந்தக் கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும் பொறுப்பைப் புள்ளியியல் துறையிடம் கொடுக்கலாம். நிதியைச் செலவழிக்கும் துறையே பலனையும் அளக்கக் கூடாது என்ற ஒரு விதி போதும். அந்த நிதி யாருக்காகச் சேர்க்கப்பட்டதோ, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் அந்த நிதியின் வேலைதான். அந்தக் கேள்விக்கான செலவை அதிலிருந்து எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.